தண்ணீருக்குள் ஒரு பெண்பிள்ளை

என் மகள் பிறந்து ஒரு மாதமும் ஆகாத நேரத்தில், பக்கத்து வீட்டுக்காரி ஒரு கிண்ணம் நிறைய உடைத்த முட்டைக்கோதுகளோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். அது 1989ஆம் ஆண்டு. மெல்பேர்ணில், ஸ்பிரிங்வேலில், வாடகை வீடொன்றுக்கு நாங்கள் அப்போதுதான் குடிவந்திருந்தோம். பிள்ளை இரவு பகல் பாராமல் கத்தினாள். எனக்குப் பால் போதவில்லை. போத்தல் பால் கொடுத்தால் பாதியைக் கக்கினாள். உதவிக்கு ஒருவரும் இல்லை. அம்மா யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட முடியாமல் இருந்தார். கணவர் தொழிற்சாலையொன்றில் இரவு வேலை செய்துவிட்டுப் பகலில் தூங்கினார், அல்லது தூங்க முயன்றார்.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கும். கட்டையான, அகன்ற உருவம். கிண்ணத்தை என் கையில் தந்து, அடுப்பைச் சுற்றிக் கோதுகளை அடுக்கி, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தண்ணீர் விட்டு, பிள்ளையை அதற்கு முன்னால் வைத்துக்கொண்டு இருக்கச் சொன்னார். அவருடைய ஆங்கிலம் துண்டு துண்டானது. என்னுடையது பள்ளிக்கூடத்து ஆங்கிலம். ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிடித்தபோது எனக்கு விளங்கியது இதுதான்: இந்தப் பிள்ளை என்னுடையதாக இல்லாமலும் இருக்கலாம்.

அவர் ஸ்பெயினின் வடக்கே அஸ்தூரியாஸ் என்ற மலைநாட்டில் பிறந்தவர். அங்கே ஊற்றுகளிலும் ஓடைகளிலும் ஷானா என்று சொல்லப்படும் பெண்கள் இருக்கிறார்களாம். நல்ல வடிவானவர்கள். நீண்ட தலைமயிரைத் தங்கச் சீப்பால் வாரிக்கொண்டு தண்ணீர்க்கரையில் இருப்பார்கள். ஆனால் அவர்களுக்குப் பால் சுரக்காது. அதனால் ஆளில்லாத நேரம் பார்த்துத் தங்கள் குழந்தையை மனிதக் குழந்தையின் தொட்டிலில் மாற்றி வைத்துவிடுவார்கள். மாற்றி வைத்த குழந்தை ஓயாமல் அழும். அதன் முன்னால் முட்டைக்கோதுகளைப் பானைகள் போல அடுக்கினால், தன்னை மறந்து வாயைத் திறந்து, இத்தனை காலம் வாழ்ந்தும் இவ்வளவு பானைகளைக் கண்டதில்லை என்று சொல்லிவிடும். குட்டு வெளிப்பட்டுவிடும்.

அந்த வீட்டில் பால் சுரக்காதவள் நான். அதை நினைவூட்ட இவர் எதற்கு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துக் கதவைச் சாத்தினேன். அவர் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே சமாதானம் சொன்னார்.

"கோவிக்காதே. அனேகமாக உன்ரை பிள்ளைதான். சும்மா ஒருக்காப் பாத்து வைக்கிறது நல்லம்."

அவர் பேசியது ஆங்கிலம்தான். என் காதில் எப்படி விழுந்ததோ அப்படித் தமிழில் எழுதுகிறேன்.

அடுத்த வாரம் கிளினிக்கில் இருந்த தாதி பால்மாவை மாற்றச் சொன்னார். சோயாப் பால்மா கொடுத்ததும் பிள்ளை கத்துவதை நிறுத்திவிட்டாள். அதை நான் வேலிக்கு மேலால் அந்த அம்மாவிடம் கொஞ்சம் வெற்றியோடுதான் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார். பிறகு, ஷானாவின் பிள்ளைக்கும் சோயா ஒத்துக்கொள்ளக்கூடும், ஊரில் ஒருவரும் கொடுத்துப் பார்த்ததில்லை என்றார்.

இப்படித் தொடங்கியது எங்கள் உறவு. அவரை நான் சென்யோரா என்று கூப்பிட்டேன். மரியாதையான பெண்களை அவருடைய மொழியில் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று அவரே சொல்லித் தந்தார். அறுபதுகளின் தொடக்கத்தில், வீட்டுவேலைக்கென்று ஸ்பெயினிலிருந்து கல்யாணமாகாத பெண்களைக் கூட்டி வந்தபோது வந்தவர். நடன மண்டபம் ஒன்றில் தன் ஊர்க்காரர் ஒருவரைச் சந்தித்துக் கட்டினார். அந்த மனிதர் நாங்கள் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். ஒரே மகன் சிட்னியில், குவேக்கர்ஸ் ஹில்லில், மனைவி பிள்ளைகளோடு இருந்தான்.

வீடு வாங்குகிற நேரத்தில் அவருடைய கணவர் நாலைந்து இடங்களைச் சொல்ல, இவர்தான் ஸ்பிரிங்வேல் என்று தெரிந்தெடுத்தாராம். ஸ்பிரிங் என்றால் ஊற்று, வேல் என்றால் பள்ளத்தாக்கு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஊற்றுப் பள்ளத்தாக்கு. பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிப் பார்த்தால் ரயில் கடவையும் கடைத்தெருவும்தான். நகரசபைக் கந்தோருக்குப் போய் ஊற்று எங்கே என்று கேட்டிருக்கிறார். அங்கே இருந்த பையன் தனக்குத் தெரியாது, வேண்டுமென்றால் நீச்சல்குளம் இருக்கிறது என்றானாம். அந்தக் கோபம் அவருக்கு முப்பது வருடத்துக்குப் பிறகும் ஆறவில்லை. வியட்நாம் கடையில் மீன் வாங்க வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்கிறவருக்கும் அதைச் சொல்வார்.

நான் யாழ்ப்பாணத்துக்காரி. எங்கள் ஊரில் ஆறே கிடையாது. கிணற்றைத் தோண்டி, துலாவால் அள்ளி, அளந்து இறைத்து வளர்ந்த ஆட்கள் நாங்கள். ஆறு நிறையப் பெண்கள் இருந்து தலை வாருகிறார்கள் என்று கேட்டால் எனக்கு முதலில் வருவது, அவ்வளவு தண்ணீரையும் வைத்துக்கொண்டு அந்த ஊரில் என்ன பயிர் செய்தார்கள் என்ற கேள்விதான். அதைக் கேட்டும் பார்த்தேன். சோளமும் பீன்ஸும் என்று சொல்லிவிட்டு மறுபடி ஷானாவுக்கே போய்விட்டார்.

மகளுக்கு இரண்டு வயதானதும் எனக்கு ஒரு மருந்துக்கடையில் வேலை கிடைத்தது. பிள்ளையை யார் பார்ப்பது என்று நானும் கணவரும் ஒரு கிழமை மண்டையை உடைத்தோம். கடைசியில் சென்யோரா வேலிக்கு மேலால் எட்டி, ஏன் இவ்வளவு சத்தம், இங்கே கொண்டுவந்து விடு என்றார். வேறு வழி இல்லை. அன்றிலிருந்து பகல் முழுக்கவும், பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு பின்னேரங்களிலும் என் மகள் வளர்ந்தது அவருடைய குசினியில். நல்லாய்ச் சாப்பிடக் கொடுத்தார். சுத்தமாய் வைத்திருந்தார். ஒரு நாளும் கை நீட்டவில்லை. ஆனால் கதைகள். ஷானா கொடுத்த நூற்கண்டு எங்கே முடிகிறது என்று கேட்டதால் அறுந்துபோன கதை. ஷானாவுக்கு இரக்கப்பட்டு ரொட்டி கொடுத்தவனுக்குக் கரி கிடைத்து, அவன் சலித்துப்போய்க் கொட்டிவிட, ஒட்டியிருந்த துண்டு மட்டும் விடியப் பொன்னாகிய கதை. நான் வேலையால் களைத்து வந்து பிள்ளையைக் கூப்பிட்டால், கதை முடியட்டும் என்று இரண்டு பேரும் என்னை வாசலில் நிற்க வைப்பார்கள்.

அவள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது பள்ளிக்கூடத்தில் பண்பாட்டு நாள் வந்தது. எல்லாப் பிள்ளைகளும் தங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் அவளுக்கு இரண்டு கிழமையாக ஒரு நரிக்கதையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்லிக் கொடுத்துப் பாவாடை சட்டையும் போட்டு அனுப்பினேன். பின்னேரம் போனபோது வகுப்பு ஆசிரியை என்னைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். ஊற்றில் தலை வாரும் பெண்ணின் கதை இவ்வளவு அழகான சிறீலங்காக் கதை என்று தனக்குத் தெரியாது என்றார். கண்கூடக் கொஞ்சம் கலங்கியிருந்தது. தாங்க்யூ என்றேன்.

அன்று இரவு கணவர் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு தன் பங்குக்கு, இது எங்கள் மோகினி மாதிரித்தானே என்றார். மோகினி ஆளை அடிப்பாள், இவள் பால் இல்லாமல் அலைகிறவள், இரண்டும் ஒன்றா என்று நான் சண்டைக்குப் போனேன். போன பிறகுதான், ஷானாவுக்காக வாதாடிக்கொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது. எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது.

கதையோடு நின்றிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் யூன் மாதம் என்று ஒன்று இருந்தது. யூன் கடைசியில் புனித யோவானின் திருநாள். அவர்கள் மொழியில் சான் ஹுவான். அன்று விடியும்போது ஷானாக்கள் தண்ணீரை விட்டு வெளியே வருவார்களாம். அன்று ஊற்றில் முதலில் அள்ளுகிற தண்ணீருக்குத் தண்ணீர்ப்பூ என்று பெயர். அதை அள்ளுகிற பெண்ணுக்கு அந்த வருடம் குறை வராது. சென்யோரா பெண்ணாக இருந்தபோது ஒவ்வொரு வருடமும் போனவர். அங்கே அது நடுக்கோடை. பூவும் பனித்துளியுமாக இருக்கும். மெல்பேர்ணில் யூன் என்றால் கைவிரல் மரத்துப்போகும் குளிர். மழை வேறு. இதைச் சொல்லிப் பார்த்தேன். நாள் பிழை இல்லை, நாடுதான் தலைகீழாக இருக்கிறது என்றார்.

அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. அவருடைய கணவர் இருந்தவரை அவர் கூட்டிக்கொண்டு போனார். இப்போது நான். மறுக்க எனக்கு வாய் வரவில்லை. என் பிள்ளையைப் பார்க்கிறவர்.

"உமக்கு என்ன விசரே?" என்று கணவர் முதல் வருடம் கேட்டார். "அந்த மனிசி கேட்டா, விடியக்காலமை காட்டுக்குள்ள போறதோ?"

"பிள்ளையை ஆர் பாக்கிறது? நீங்கள் பாப்பியளோ?"

அவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

இப்படித்தான் வருடத்தில் ஒரு நாள், இருட்டோடு எழும்பி, கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டி, ஒரு மண்குடத்தை மடியில் வைத்திருக்கும் அந்த அம்மாவை ஏற்றிக்கொண்டு தண்ணீர் தேடி அலைந்தேன். டண்டினோங் ஓடைக்குப் போனோம். சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அவர் பார்த்தார், தலையை ஆட்டினார், திரும்பினோம். இன்னொரு வருடம் பூங்கா ஒன்றில் இருந்த குளம். அதன் அடியில் சீமெந்து போட்டிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, சீமெந்தில் ஒருவரும் குடியிருக்க மாட்டார்கள் என்றார். ஒரு முறை இரண்டு மணித்தியாலம் ஓடி, கனிமத் தண்ணீர் வரும் ஊற்று ஒன்றுக்குப் போனோம். நிலத்திலிருந்து உண்மையாகவே தண்ணீர் வந்தது. நான் கும்பிட்டேன், இத்தோடு சரி என்று. ஆனால் அதற்குக் கைப்பம்பு பூட்டியிருந்தார்கள். பம்புக்குள்ளால் எப்படி வருவாள் என்று கேட்டார். அந்தத் தண்ணீரைக் குடித்துப் பார்த்து, ஆணி ஊறிய தண்ணீர் என்று துப்பினார். வேலைக்குப் பிந்திப் போய் முதலாளியிடம் பேச்சு வாங்கினேன்.

மகள் வளர்ந்து, அவளை ஒருவரும் பார்த்துக்கொள்ளத் தேவையில்லை என்று ஆன பிறகும் இது நிற்கவில்லை. நிறுத்தியிருக்கலாம். ஏன் நிறுத்தவில்லை என்று கணவர் கேட்பார். மே மாதம் முழுக்க இந்த முறை முடியாது என்று சொல்லப் பழகுவேன். யூன் வந்ததும் அவர் குடத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பது வேலிக்கு மேலால் தெரியும். அவ்வளவுதான்.

2004இல் அவருக்கு எழுபது ஆகியிருந்தது. அந்த வருடம் டண்டினோங் மலைப்பக்கம் ஒரு சின்ன ஓடையை அவரே கண்டுபிடித்து வைத்திருந்தார். தேவாலயத்தில் யாரோ சொன்னார்களாம். மரம்போல உயர்ந்த பன்னச் செடிகளுக்கு இடையில், பாசி படிந்த கற்களுக்கு மேலால், கண்ணாடி போலத் தண்ணீர் ஓடியது. காரை மேலே தெருவில் நிறுத்தி, ஒற்றையடிப் பாதையால் அவரைப் பிடித்து இறக்கினேன். வாயிலிருந்து புகை வரும் குளிர். அவர் நெடுநேரம் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இது சரியான இடம் என்றார். இத்தனை வருடத்தில் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

எனக்கு நல்ல சந்தோஷம். நல்ல சூடான தேத்தண்ணி சுடுநீர்ப் போத்தலில் காரில் இருந்தது. எடுத்துக்கொண்டு வாறன், அசையாமல் நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு மேலே ஏறினேன். போத்தலை எடுத்துக் கதவைச் சாத்தும்போது கீழே சத்தம் கேட்டது.

ஓடி இறங்கினேன். அவர் இடுப்புத் தண்ணீரில் இருந்தார். பாசியில் சறுக்கி அப்படியே குந்திவிட்டார். குடம் தனியே போய்க்கொண்டிருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் நாயோடு நடக்க வந்த ஒரு வெள்ளைக்காரர், கைத்தொலைபேசியைக் காதில் வைத்தபடி பரபரத்துக்கொண்டிருந்தார். நான் சப்பாத்தோடு இறங்கிச் சென்யோராவைத் தூக்கப் பார்த்தேன். தூக்க முடியவில்லை. அந்த மனிதரும் இறங்கிவந்து மற்றக் கையைப் பிடித்தார். கரைக்குக் கொண்டுவந்து, என்னுடைய கோட்டைக் கழற்றிச் சுற்றி, தேத்தண்ணியைப் பருக்கினேன். நல்ல வேளை, அம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டீர்கள் என்று அந்த மனிதருக்கு நன்றி சொன்னேன். அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. ஓடையின் கீழ்ப்பக்கத்தை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அம்புலன்ஸ் வந்தது. அதன் பின்னால் பொலிஸ் கார் வந்தது. அதன் பின்னால் தீயணைப்பு வண்டி ஒன்று வந்தது. மஞ்சள் உடுப்புப் போட்டவர்கள் கயிறும் நீண்ட தடியுமாக எங்களைத் தாண்டி ஓடைக்குள் இறங்கினார்கள். எழுபது வயதுப் பெண் ஒருத்தி விழுந்ததற்கு இந்த நாட்டில் இவ்வளவு பேர் வருகிறார்களே என்று ஒரு நிமிடம் வியந்துபோனேன்.

நடந்தது இதுதான். நான் காருக்குப் போன நேரத்தில் அந்த மனிதர் அக்கரைக்கு வந்திருக்கிறார். தண்ணீருக்குள் இருக்கும் இவரைப் பார்த்து, என்ன செய்கிறீர்கள் என்று கத்திக் கேட்டிருக்கிறார். தண்ணீருக்குள் இருக்கும் பெண்பிள்ளையைத் தேடுகிறேன் என்று இவர் பதில் சொல்லியிருக்கிறார். என்ன வயது என்று கேட்டதற்கு இளம் பிள்ளை என்றாராம். என்ன உடுப்பு என்றதற்கு வெள்ளை, நீண்ட தலைமயிர் என்றாராம். கேட்டதற்கெல்லாம் இவர் ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கிறார். அதில் ஒரு பொய்யும் இல்லை.

பொலிஸ்காரி என்னிடம் வந்து, பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்டாள். பெயர் இல்லை என்றேன். அவள் முகம் மாறியது. நான் ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன். சான் ஹுவான், ஊற்று, அஸ்தூரியாஸ். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் இப்போது தண்ணீருக்குள் ஒருவரும் இல்லையா என்றாள். இல்லை என்றேன். நிச்சயமாகவா என்றாள். நிச்சயமாக என்று நான் சொல்லும்போது, ஸ்ட்ரெச்சரில் கிடந்த சென்யோரா போர்வைக்குள்ளிருந்து தலையை வெளியே நீட்டினார்.

"அவளுக்கு அது தெரியாது. அவள் மேலே காருக்குப் போயிட்டாள்."

தீயணைப்புக்காரர்கள் இன்னும் அரை மணித்தியாலம் தேடினார்கள். கிடைத்தது குடம் மட்டும்தான். என் வாழ்க்கையில் அப்படி வெட்கப்பட்டது கிடையாது. முழங்கால்வரை நனைந்து, கோட்டும் இல்லாமல், பல் கிட்டித்துக்கொண்டு, மஞ்சள் உடுப்புக்காரர் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். ஒருவர் பரவாயில்லை என்று என் தோளில் தட்டினார். அதற்கும் அழுகை வந்தது.

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டு எலும்பு வெடித்திருக்கிறது என்றார்கள். உடம்பு குளிர்ந்து போயிருந்தது, ஆனால் பயமில்லை. கட்டுப் போட்டுப் படுக்க வைத்தார்கள். ஆனால் தண்ணீருக்குள் பெண்பிள்ளை என்ற பேச்சு அம்புலன்ஸோடு சேர்ந்து அங்கும் வந்துவிட்டது. அடுத்த நாள் மகன் சிட்னியிலிருந்து வந்து இறங்கினான். நல்ல பிள்ளைதான். தாய்மேல் பாசம் உள்ளவன். என்னைக் கண்டதும் நடைபாதையில் வைத்துக் கேள்வி கேட்டான். எத்தனை வருடமாக இப்படி, ஏன் தன்னிடம் சொல்லவில்லை, ஒரு முதியவளை விடியற்காலையில் ஓடைக்குக் கூட்டிப்போக எனக்கு மூளை இல்லையா. உன் அப்பாவும் கூட்டிப்போனவர்தானே என்று கேட்க வாய் வந்தது. விழுங்கிக்கொண்டேன். அம்மா தனியாக இருக்க முடியாது, அம்மாவுக்கு மறதி நோய் தொடங்கிவிட்டது என்று அவன் முடிவே கட்டிவிட்டான். முதியோர் இல்லம் ஒன்றும் பார்த்து வைத்திருந்தான். அதற்கு முன் டொக்டர் ஒருவர் அவரைச் சோதிக்க வேண்டும்.

அந்தச் சோதனைக்கு நானும் இருக்க வேண்டும் என்று சென்யோரா பிடிவாதம் பிடித்தார். கடையில் லீவு கேட்டுப் போனேன். டொக்டர் இளம் மனிதர், மெல்லிய குரல். மொழிபெயர்ப்பாளர் நேரில் வரவில்லை. மேசை நடுவில் இருந்த தொலைபேசியிலிருந்து பேசினார். சிலி நாட்டுக்காரர். அவருக்கு ஷானா என்ற சொல் தெரியாது. டொக்டரிடம் மெர்மெய்ட் என்று மொழிபெயர்த்தார், கடற்கன்னி என்று.

அந்தச் சொல் சென்யோராவுக்கு விளங்கிவிட்டது. மீன் இல்லை, வால் இல்லை, கடல் இல்லை என்று விரலை மடக்கி மடக்கித் தொலைபேசிக்குச் சொன்னார். அப்படியானால் சூனியக்காரியா என்று அந்த மனிதர் கேட்டார். இவர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பிவிட்டார். டொக்டர் எதையோ எழுதினார்.

நீரரமகளிர் என்று தமிழில் ஒரு சொல் இருக்கிறது. நீரில் வாழும் தெய்வப் பெண்கள். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணி, பரீட்சைக்குப் பிறகு ஒரு நாளும் பயன்படாத சொல். அப்படியே பொருந்துகிற சொல் என் வாய்க்குள் இருந்தது. அதைச் சொல்லி விளங்கக்கூடிய ஒருவரும் அந்த அறையில் இல்லை. நான் இடையில் புகுந்து, டொக்டர், அது நோய் இல்லை, அது அவருடைய ஊர் என்றேன். சனிக்கிழமைகளில் நான் கோயிலுக்குப் போய்க் கல்லுக்குப் பால் ஊற்றுகிறேன், என்னை ஒருவரும் இப்படி இருத்திவைத்துச் சோதிக்கவில்லையே என்றேன். மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். டொக்டர் புன்னகைத்தார், ஆனால் பேனை நிற்கவில்லை.

பிறகு வழக்கமான கேள்விகள். இன்று என்ன நாள், எந்த இடம். எல்லாம் சரியாகச் சொன்னார். பிரதமரின் பெயரைச் சொல்லி, அவரைப் பற்றி வேறு ஒன்றையும் சொன்னார். தொலைபேசி அதை மொழிபெயர்க்காமல் இருமியது. என்ன பருவகாலம் என்றதற்கு, கோடையாக இருக்க வேண்டியது, இங்கே குளிர்காலம் என்றார். டொக்டர் பேனையை வைத்துவிட்டு நேராகவே கேட்டார். தண்ணீருக்குள் பெண்களைக் காண்கிறீர்களா?

சென்யோரா மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கவில்லை.

"அவுஸ்திரேலியாவில ஒரு நாளும் காணேல்லை. கண்டிருந்தால் ஏன் வருசா வருசம் போறன்?"

டொக்டர் மகன் பக்கம் திரும்பி, உங்கள் அம்மாவின் மணிக்கட்டைப் பற்றித்தான் எனக்குக் கவலை என்றார். தனியாக இருக்கலாம், குளியலறைக்குப் பிடிகம்பி போட வேண்டும், ஈரக்கல்லில் ஏறக் கூடாது. அவ்வளவுதான். மகனுக்கு நிம்மதியா ஏமாற்றமா என்று சொல்ல முடியாத ஒரு முகம். தாயின் நெற்றியில் முத்தமிட்டுவிட்டுப் பிடிகம்பி பூட்டும் ஆளுக்கு அங்கிருந்தே தொலைபேசி எடுத்தான்.

காரில் வரும்போது என்னால் அடக்க முடியவில்லை. ஒரு நாளும் கண்டதில்லை என்றால் என்னை எதற்காக இத்தனை வருடம் இழுத்துத் திரிந்தீர்கள் என்று கேட்டேன். குரல் உயர்ந்துதான் இருந்தது.

அவர் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி சொன்னார். ஊரில் கண்டிருக்கிறாராம். பத்து வயதில். டொக்டர் கேட்டது அவுஸ்திரேலியாவைப் பற்றி என்று தான் எடுத்துக்கொண்டதாகச் சொன்னார். வீட்டுக்குக் கீழே இருந்த ஊற்றடியில், விடியும் நேரம், முதுகு காட்டி ஒருத்தி குந்தியிருந்து, நீளத் தலைமயிரைத் துணி பிழிவதுபோல முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். இவர் குடத்தோடு அசையாமல் நின்றார். அவள் திரும்பவில்லை. எழும்பி மரங்களுக்குள் போய்விட்டாள். இவர் அள்ளிய தண்ணீரை அம்மா வீடு முழுக்கத் தெளித்தார்.

அது அயல்வீட்டுப் பெண் யாராவது முழுகிக்கொண்டிருந்திருக்கலாம் என்றேன்.

"இருக்கலாம்," என்றார். அவருக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. பிறகு, முன்னால் போகிற லொறியை முந்தாதே, நீ எப்போதும் அவசரப்படுகிறாய் என்றார்.

இனி என்னால் முடியாது என்று அன்றே சொல்லிவிட்டேன். அவரும் சரி என்றார். அடுத்த இரண்டு யூனும் பேச்சில்லாமல் போயின. குடமும் வெளியே வரவில்லை. ஒரு தொல்லை ஒழிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அவர் பின்னேரங்களில் வந்து குசினியில் இருந்து, தன் மருமகளின் சமையலைப் பற்றிக் குறை சொல்லிவிட்டுப் போவார்.

2007இல் மகளுக்குப் பதினெட்டாகி லைசென்ஸ் கிடைத்தது. அந்த யூனில் ஒரு விடியற்காலை கார் கிளம்பும் சத்தம் கேட்டு யன்னலைத் திறந்தேன். என்னுடைய கார். மகள் ஓட்ட, பக்கத்தில் சென்யோரா, கம்பளித் தொப்பி போட்டு நிமிர்ந்து இருந்தார். நான் செருப்பும் போடாமல் வெளியே ஓடினேன். மகள் கண்ணாடியை இறக்கினாள்.

"மம், இட்ஸ் ஓகே. நாங்கள் தண்ணிக்குக் கிட்டப் போக மாட்டம். ஐ ப்ராமிஸ்."

கிட்டப் போகாமல் பின்னே எதற்குப் போகிறீர்கள் என்று நான் கேட்டது அவளுக்குக் கேட்டிருக்காது. கார் மூலையால் திரும்பிவிட்டது.

கணவரை எழுப்பிச் சத்தம் போட்டேன். அவர் எழும்பி இருந்து கேட்டுவிட்டு, தேத்தண்ணி போட்டுத் தரட்டோ என்றார். அதற்கும் சத்தம் போட்டேன். குசினி யன்னலடியில் நின்றேன். பாத்திரம் கழுவினேன். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். கைத்தொலைபேசியில் கூப்பிட்டால் அது மகளின் அறைக்குள் மணி அடித்தது. மழை தொடங்கியது.

அவர்கள் வெளிச்சம் நன்றாக வந்த பிறகுதான் திரும்பினார்கள். இரண்டு பேருடைய சப்பாத்தும் தொப்பலாக இருந்தது. தண்ணிக்குக் கிட்டப் போகாதவர்கள். நான் துடைத்து வைத்திருந்த தரையில் சேற்றுக் காலோடு வந்து கதிரைகளில் இருந்தார்கள். ஒரு பேக்கரியில் வாங்கிய பாணும் கேக்கும் மேசையில் வைத்தார்கள். என்ன கண்டீர்கள் என்று கேட்கக் கூடாது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு கேட்டேன்.

ஒன்றுமில்லை, கொடுகி நடுங்குகிற குளிர் என்று மகள் ஆங்கிலத்தில் சொன்னாள். அடுத்த முறைக்கு இன்னும் மேலே ஒரு அருவி இருக்கிறதாம், அங்கே பார்க்க வேண்டும் என்று சென்யோரா சொன்னார். சொல்லிவிட்டு ஈரக் காலுறையைக் கழற்றி, எங்கே காயப்போடலாம் என்று என்னிடம் கேட்டார்.

நான் வாங்கிக்கொண்டுபோய் ஹீட்டருக்கு மேல் போட்டேன்.